பூவும் தலையும் புரண்ட காசு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த மாதம் எடுத்துக்கொண்ட கேள்விகள் எல்லாமே தொண்டி முதல் சாயல்குடி வரையுள்ள கடற்கரை ஊர்களிலிருந்து வந்தவை. கேட்ட விதம் வேறு வேறு, பெரும்பாலும் சந்தேகம் ஒன்றுதான்: கையில் இருப்பது நாணயச் சாலையிலேயே பிழையாக அச்சான காசா, வெளியே வந்தபின் அடிபட்ட காசா?

பதிலுக்கு முன்னால் ஒரு சின்ன விளக்கம். உலோகத் தகட்டிலிருந்து முதலில் வட்ட வில்லைகளை வெட்டுவார்கள். வில்லையைச் சூடேற்றி இளக்கி, ஓரத்தை நெருக்கி விளிம்பு எழுப்புவார்கள். பிறகு மேலச்சுக்கும் கீழச்சுக்கும் நடுவே, காலர் என்னும் வளையத்துக்குள் வைத்து ஒரே அழுத்து. தலை, பூ, ஓரம் மூன்றும் அந்த ஒரு கணத்தில் உருவாகிவிடும். அந்தக் கணம் வரைக்கும் நடந்த தவறு பிழை. அதற்குப் பிறகு நடந்தது எதுவானாலும் சேதம்.

பாம்பன் வாசகர்: பாலத்தடியில் கிடைத்த 5 ரூபாய்க் காசு, மஞ்சளாக இல்லாமல் செம்பு நிறத்தில் இருக்கிறது. வேறு உலோகத்தில் தவறி அடித்த காசு என்கிறார்கள். உண்மையா?

கடல் செய்த வேலை இது. இன்று புழங்கும் மஞ்சள் 5 ரூபாய் நிக்கல் பித்தளை: செம்பு 75 பங்கு, துத்தநாகம் 20, நிக்கல் 5. உப்பு நீரில் கிடந்தால் துத்தநாகம் முதலில் கரைந்து வெளியேறும். மேற்பரப்பில் செம்பு மட்டும் மிஞ்சும். ரயிலிலிருந்தும் படகிலிருந்தும் வேண்டுதலாகக் கடலில் போட்ட காசுகள் மாதக்கணக்கில் சேற்றில் கிடந்து மேலே வரும்போது இப்படித்தான் இருக்கும். அக்னி தீர்த்தத்தில் எடுக்கும் காசுகளும் இதே கதை.

உறுதி செய்ய மூன்று சோதனைகள் போதும். ஒன்று, எடை. இந்தக் காசு 6 கிராம் இருக்க வேண்டும், 2019-ல் வந்த புது வகை என்றால் 6.74 கிராம். கடலில் கிடந்தது குறைந்திருக்கும். இரண்டு, லென்ஸில் பாருங்கள்: செம்பாகிப்போன பரப்பு வழவழப்பாக இருக்காது, பஞ்சுபோலப் பொத்தல் பொத்தலாக இருக்கும். மூன்று, ஏற்கெனவே கீறலோ தேய்மானமோ உள்ள இடத்தில் உள்ளே மஞ்சள் தெரிகிறதா என்று பாருங்கள். பார்ப்பதற்காகப் புதிதாகச் சுரண்ட வேண்டாம். மெய்யாகவே வேறு வில்லையில் அடித்த காசு என்றால், நிறம் உள்ளும் புறமும் ஒன்றாக இருக்கும். எடையும் வேறொரு காசின் எடையோடு ஒத்துப்போகும்.

ஸ்டீல் காசுகளுக்குக் கடல் வேறு விதமாகக் கணக்குத் தீர்க்கும். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் ஸ்டீலில் இரும்பு 83, குரோமியம் 17. கத்திக்கும் கரண்டிக்கும் அது போதும், கடலுக்குப் போதாது. ஊசி குத்தியதுபோலச் சிறிய, ஆழமான குழிகள் விழும். சிப்பி ஒட்டிக் கிடந்த இடத்தில் காற்றுப் புகாமல் வட்டமாக அரித்திருக்கும். அந்த வட்டத்தைப் பார்த்து, 'இரண்டாவது முறை அச்சு விழுந்திருக்கிறது' என்று எழுதியவர்களும் உண்டு. அச்சு விழுந்தால் எழுத்து விழும், பழுப்புக் கறை விழாது.

ராமநாதபுரம் வாசகர்: ஒரு ரூபாயின் ஒரு பக்கம் சிங்கம் சரியாக இருக்கிறது. மறுபக்கத்தில் அதே சிங்கம் குழிந்து, இடம் வலம் மாறிக் கண்ணாடிப் பிம்பம்போல இருக்கிறது. இதற்கு விலை உண்டா?

உண்மையானதாக இருந்தால் உண்டு. கவனமாகப் பார்க்க வேண்டிய வகை இதுதான், ஏனென்றால் போலி செய்ய எளிது.

முதலில் அடித்த காசு வெளியே விழாமல் ஒரு அச்சிலேயே ஒட்டிக்கொள்கிறது. அடுத்த வில்லை உள்ளே வருகிறது. ஒரு பக்கத்தில் அச்சு, மறுபக்கத்தில் ஒட்டியிருக்கும் காசு. அழுத்தியதும், ஒட்டிய காசின் முகம் புது வில்லையில் குழிந்து பதிகிறது. சேகரிப்பாளர்கள் இதை பிராக்கேஜ் என்பார்கள். முக்கியமான விஷயம்: குழிந்த பக்கம் வெறும் வில்லையாக இருந்தபோதே அந்தப் பிம்பத்தை வாங்கியது. அதற்கு முன் அந்தப் பக்கத்தில் எதுவும் இருந்ததில்லை.

போலிக்கு இரண்டு நல்ல காசுகளைச் சேர்த்து, பட்டறையில் இரும்பைப் பிடித்து இறுக்கும் வைஸில் வைத்து இறுக்குவார்கள், அல்லது சுத்தியலால் அடிப்பார்கள். அப்போதும் பிம்பம் விழும். ஆனால் அதற்கு அடியில் பழைய '1' நசுங்கிக் கிடக்கும். சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பிம்பத்தின் இடுக்கில் இலக்கத்தின் கால், கதிரின் நுனி, ஆண்டின் ஓர் இலக்கம் ஏதாவது எட்டிப்பார்த்தால் வைஸ் வேலை. சரியாக இருக்கும் சிங்கத்தையும் விடாதீர்கள். இறுக்கியபோது அந்தப் பக்கம் இரும்புத் தாடையில் அழுந்தியிருக்கும். சிங்கத்தின் மூக்கும் பிடரியும் மழுங்கி, மேடான இடங்கள் எல்லாம் ஒரே மட்டத்தில் பளபளக்கும். தேய்மானத்தில் வரும் மழுங்கல் வழுக்கி இறங்கும், நசுங்கலில் வருவது மேசைபோலத் தட்டையாக இருக்கும்.

விட்டமும் பேசும். பழைய ஸ்டீல் ஒரு ரூபாய் 25 மில்லிமீட்டர், 2011 முதல் வந்தது 22, 2019-ல் வந்த புது வகை 20. காலர் இல்லாமல் வெளியே இறுக்கிய காசு ஒரு பக்கம் பிதுங்கி நீள்வட்டமாகியிருக்கும். குறுக்கும் நெடுக்கும் நான்கு இடத்தில் அளந்து பாருங்கள். பெரிதாகியிருப்பதால் மட்டும் போலி என்று தள்ளிவிடவும் கூடாது. நாணயச் சாலையிலேயே காலர் இல்லாமல் அடிபட்டு விரிந்த பிராக்கேஜும் உண்டு. அதில் நல்ல பக்கத்தின் எழுத்துகள் கூர்மையாகவே இருக்கும்.

தண்டவாளத்தில் வைத்த காசு பற்றியும் இதே வாசகர் கேட்டிருக்கிறார். அதற்கு லென்ஸே வேண்டாம். மெலிந்து, ஒரு பக்கமாக இழுபட்டு, எழுத்தெல்லாம் ஒரே திசையில் வழிந்திருக்கும்.

தொண்டி வாசகர்: ஓரத்தில் நிலாப்பிறைபோலக் கடித்த காசு ஒன்று இருக்கிறது. அரத்தால் ராவியதா, பிழையா என்று எப்படிப் பார்ப்பது?

கடித்த இடத்தைப் பார்ப்பதற்கு முன் அதற்கு நேர் எதிர் ஓரத்தைப் பாருங்கள். அங்கே விளிம்பு மெலிந்தோ மங்கியோ இருந்தால் நல்ல சகுனம்.

காரணம் எளிது. தகடு சரியாக நகராதபோது, முன்பே வெட்டிய ஓட்டையின் மேல் அடுத்த வெட்டு விழுந்து வில்லையில் பிறை வந்துவிடுகிறது. பிறகு அந்த வில்லை விளிம்பு எழுப்பும் எந்திரத்தில் உருளும். பிறை வரும் நேரம் அந்தப் பக்கம் பிடிமானம் இல்லாததால், எதிர்ப்பக்கத்திலும் அழுத்தம் கிடைக்காது. இதற்கு பிளேக்ஸ்லி விளைவு என்று பெயர். அரத்தால் ராவுகிறவருக்கு முன்பக்கம்தான் நினைவிருக்கும், பின்பக்கம் நினைவிருக்காது. எல்லா உண்மையான பிறையிலும் இந்த அடையாளம் பளிச்சென்று தெரிந்துவிடாது. அதனால் அடுத்து எழுத்துகளைப் பாருங்கள். பிழைக் காசில் பிறையை நெருங்கும் எழுத்துகள் சற்றே இழுபட்டு, மெலிந்து, அந்த இடைவெளியை நோக்கிச் சாய்ந்திருக்கும். அச்சு விழும்போது உலோகம் அங்கே ஓடியிருக்கிறது. ராவிய காசில் எழுத்து கத்தியால் அரிந்த வாழைத்தண்டுபோல நறுக்கென நிற்கும். வெட்டுமுகத்தில் இணைகோடுகளாக அரத்தின் பல் தெரியும்.

பிறையின் வளைவும் அதே காசின் வட்டத்தோடு பொருந்த வேண்டும். இன்னொரு நல்ல காசை அதன்மேல் வைத்துப் பாருங்கள், வளைவு ஒட்டிக்கொள்ளும்.

கீழக்கரை வாசகர்: 10 ரூபாய்க் காசில் நடுவட்டம் திரும்பி, சிங்கம் சாய்ந்து நிற்கிறது. இணையத்தில் பெரிய விலை சொல்கிறார்கள்.

சொல்லட்டும். இரண்டு உலோகக் காசில் நடுவட்டமும் வெளிவளையமும் தனித்தனியாக அச்சாகிப் பிறகு சேர்க்கப்படுவதில்லை. வெறும் வளையத்துக்குள் வெறும் வட்டத்தை வைத்து, இரண்டின் மேலும் ஒரே அச்சு ஒரே அடியாக விழுகிறது. ஆகவே வளையத்தில் உள்ள எழுத்துக்கும் நடுவிலுள்ள சிங்கத்துக்கும் கோணம் மாற வழியே இல்லை. மாறியிருந்தால் நடுவட்டம் பின்னால் கழன்று, யாரோ திருப்பி அடித்துச் செருகியது. சிங்கத்தைச் சுற்றி ரூபாய்ப் பக்கத்து வளையம் இருந்தாலும் இதே தீர்ப்பு. இடுக்கில் ஸ்குரூடிரைவர் கீறல் தேடுங்கள், அநேகமாக இருக்கும்.

நடுவட்டம் அச்சடிக்கும் முன்பே சரியாக உட்காராமல், ஒரு பக்கம் ஒதுங்கி வளையத்தின் மேல் ஏறி நிற்பது உண்மையான பிழை. அதில் உலோகங்களின் எல்லை கோணலாகும், ஆனால் படமும் எழுத்தும் அந்த எல்லையைத் தாண்டி அறுபடாமல் ஓடும்.

நடுவட்டமே இல்லாத வளையமும் வருவதுண்டு. வட்டம் இல்லாமலே அச்சு வாங்கிய வளையத்தில் உலோகம் உள்நோக்கிப் பிதுங்கி, துளையின் ஓரம் உருண்டிருக்கும். தட்டிக் கழற்றியதில் துளையின் சுவரில் வட்டத்தைக் கவ்வியிருந்த தடம் அப்படியே இருக்கும்.

ஏர்வாடி வாசகர்: காசின் மேல் ஓரத்திலிருந்து நடுவரை ஒரு கோடு. கீறலா, அச்சு வெடிப்பா?

கோடு மேடா பள்ளமா என்பதுதான் கேள்வி. அச்சில் வெடிப்பு விழுந்தால் உலோகம் அதற்குள் புகும், காசில் மேடான கோடாக வரும். கீறல் பள்ளம். கண் ஏமாற்றும், ஆகவே விளக்கை ஒரு பக்கம் மட்டும் வைத்து, பக்கத்திலுள்ள எழுத்தைப் பாருங்கள். எழுத்து எந்தப் பக்கம் ஒளிர்கிறதோ கோடும் அதே பக்கம் ஒளிர்ந்தால் மேடு. மெல்லிய வெடிப்புக் கோடுகள் சாதாரணம், விலை எதிர்பார்க்க வேண்டாம். அச்சின் ஓரமே உடைந்து போய், காசின் விளிம்பை ஒட்டி எழுத்தில்லாத மேடாக வந்திருந்தால் எடுத்து வையுங்கள்.

தேவிபட்டினம் வாசகர்: ஆண்டுக்குக் கீழே எந்தக் குறியும் இல்லை. பிழையா?

இல்லை. கொல்கத்தா நாணயச் சாலை குறி போடுவதில்லை. மும்பைக்கு வைரம், ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி. பத்து ரூபாயில் ரூபாய்க் குறி இல்லை என்று கேட்டவருக்கும் சேர்த்து: அந்தக் குறி 2010-ல்தான் ஏற்கப்பட்டது, காசுகளில் 2011 முதல் வந்தது. அதற்கு முந்தைய காசில் அது இருக்க முடியாது. அந்தக் காசும் செல்லும்.

ஆண்டின் ஓர் இலக்கமோ எழுத்தோ மட்டும் காணோம் என்றால் அது வேறு விஷயம். அச்சின் பள்ளத்தில் கிரீஸும் தூசும் அடைத்திருந்தால் அந்த எழுத்து எழாது. சுற்றியுள்ள எழுத்துகள் கூர்மையாக, காணாமற்போன இடத்தின் தோல் மற்ற இடத்தைப்போலவே இருந்தால் அதுதான். சுரண்டி எடுத்த இடம் சற்றே தாழ்ந்து, கீறலோடு, வேறு பளபளப்பில் இருக்கும்.

மண்டபம் வாசகர்: தலைப்பக்கம் நேராக வைத்துத் திருப்பினால் பூப்பக்கம் தலைகீழாக வருகிறது.

எப்படித் திருப்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது! இந்தியக் குடியரசின் காசுகளில் இரண்டு பக்கமும் ஒரே திசையில் நிமிர்ந்திருக்கும். சிங்கம் நேராக நிற்க, காசின் மேல் நுனியையும் கீழ் நுனியையும் இரு விரலால் பிடித்து, புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டுவதுபோல இடவலமாகச் சுழற்றுங்கள். பூப்பக்கமும் நேராக நின்றால் சரியான காசு. சாய்ந்திருந்தால், கடிகார முள்போல எத்தனை மணிக்கு நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட முள் அளவு விலகலுக்கு யாரும் பெரிதாக மதிப்புத் தருவதில்லை. மூன்று மணி, ஆறு மணி அளவு என்றால் நல்ல பிழை.

இந்த வகையில் நிம்மதி ஒன்று உண்டு. வெளியே வந்த காசை அடித்தும் நசுக்கியும் இதை உண்டாக்க முடியாது. இரண்டு காசைப் பாதியாகக் கடைந்து ஒட்டினால்தான் உண்டு, அப்போது விளிம்பின் உட்புறம் மயிரிழைபோல ஒட்டுக் கோடு தெரியும். மேசையில் போட்டால் ஓசையும் செத்திருக்கும்.

தங்கச்சிமடம் வாசகர்: அஞ்சு பைசா மாதிரி சதுரம், ஆனால் மஞ்சள் உலோகம், சிங்கத் தூண் இல்லை. தப்பான உலோகமா?

எழுத்தைப் படித்துப் பாருங்கள், 'ஐந்து சதம்' என்று தமிழிலேயே இருக்கலாம். இலங்கைக் காசு. 1964 டிசம்பர் புயல் வரை தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடிய கரை இது. அக்கரைக் காசு இங்கே கிடைப்பதில் அதிசயம் இல்லை.

அழகன்குளம் வாசகர்: மண்ணில் கிடைத்த சின்னச் செப்புக்காசு. படம் நடுவில் இல்லாமல் ஓரமாக விழுந்திருக்கிறது. பழைய பிழைக் காசா?

பிழை என்ற சொல் இங்கே பொருந்தாது. கையால் அடித்த காசுகளில் அச்சு பெரிதாகவும் வில்லை சிறிதாகவும் இருப்பது வழக்கம். பாதிப் படம்தான் விழும், சிலவற்றில் இரட்டையாக விழும். சோழர் செப்புக்காசானாலும், நந்திக்குக் கீழே 'சேது' என்று பொறித்த யாழ்ப்பாண ஆரியச் சக்கரவர்த்திகளின் காசானாலும் நடுவில் விழுந்ததைத்தான் தேடிப் பொறுக்க வேண்டும்.

உங்கள் ஊர் தொல்லியல் துறை அகழ்ந்து ரோமானியக் காசுகள் கண்ட ஊர். அங்கே காசு எந்த இடத்தில், எந்த ஆழத்தில் கிடந்தது என்பது காசைவிட முக்கியம். மண்ணில் புதைந்து கிடைத்த பொருள் 10 ரூபாய் மதிப்பைத் தாண்டினால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். நூறாண்டு கடந்தவை 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். நாட்டை விட்டு வெளியே அனுப்பக் கூடாது. கழுவாமல், தேய்க்காமல் அப்படியே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

சாயல்குடி வாசகர்: வீட்டிலேயே சோதிக்க என்னென்ன கருவி வேண்டும்?

பத்து மடங்கு லென்ஸ், 0.01 கிராம் காட்டும் பாக்கெட் தராசு, விட்டம் அளக்க டிஜிட்டல் வெர்னியர், ஒரு காந்தம். இவற்றைவிடப் பெரிய கருவி, அதே ஆண்டு, அதே வகையில் ஒரு நல்ல காசு. பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல் எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

எடைகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: பழைய 25 மில்லிமீட்டர் ஸ்டீல் ஒரு ரூபாய் 4.85 கிராம், பதினொரு மூலை நிக்கல் வெள்ளை இரண்டு ரூபாய் 6 கிராம், தடித்த பழைய ஐந்து ரூபாய் 9 கிராம், 2011 வகைப் பத்து ரூபாய் 7.71, பன்னிரு மூலை இருபது ரூபாய் 8.54. சிறு ஏற்ற இறக்கம் இருக்கும். எடை குறைந்து, எழுத்தெல்லாம் ஒல்லியாகி, ஓரமும் மெலிந்திருந்தால் அமிலத்தில் போட்ட காசு. 'மெல்லிய வில்லை' என்று விற்க வருவார்கள். உண்மையான மெல்லிய வில்லையில் ஓரங்களின் எழுத்து அழுத்தம் போதாமல் மங்கும், நடுவில் உள்ளது கூர்மையாகவே இருக்கும். அமிலம் எல்லாவற்றையும் ஒன்றுபோலத் தின்னும்.

உப்பூர் வாசகி: வைஷ்ணவ தேவி படம் பொறித்த காசுக்கு லட்சக்கணக்கில் தருவதாகச் சொல்லி, முதலில் பதிவுக் கட்டணம் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா அம்மா?

கட்டாதீர்கள். 2012-ல் வந்த அந்த 5, 10 ரூபாய்க் காசுகள் புழக்கத்துக்கு விட்டவை, கடைக் கல்லாவிலேயே கிடைக்கும். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிப் பழைய காசுக்குக் கட்டணம், கமிஷன், வரி கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவித்தது. காசை வாங்குகிறவர்தான் பணம் தர வேண்டும். விற்கிறவரிடம் பணம் கேட்டாலே விஷயம் முடிந்தது.

வாலிநோக்கம் வாசகர்: புளி போட்டுத் தேய்த்தால் காசு பளிச்சென்று ஆகிறது. பிழைக் காசையும் அப்படிச் செய்யலாமா? எப்படிப் பாதுகாப்பது?

குத்துவிளக்குக்குப் புளி நல்லது, காசுக்கு ஆகாது. எலுமிச்சை, விபூதி, பல்பொடி எல்லாம் அதே வகை. அச்சு விழுந்தபோது உலோகம் ஓடிய நுண்ணிய கோடுகள்தான் பிழைக்குச் சாட்சி. தேய்த்தால் சாட்சி போய்விடும்.

கடலில் எடுத்த செம்பு, பித்தளைக் காசுக்கு மட்டும் ஒரு வேலை உண்டு: உள்ளே ஊறிய உப்பை வெளியேற்ற வேண்டும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் மூழ்க வைத்து, மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றி, மூன்று நான்கு வாரம் விடுங்கள். எடுத்து, பருத்தித் துணியால் ஒற்றுங்கள், துடைக்க வேண்டாம். சாதாரணக் களிம்பு கரும்பச்சையாக இறுகியிருக்கும், அதை விட்டுவிடலாம். வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்து, தட்டிவிட்டாலும் மறுபடி பூத்தால் உள்ளே இன்னும் உப்பு இருக்கிறது. அந்தக் காசை மற்றவற்றோடு வைக்காமல் பிரித்து, மறுபடி ஊற வையுங்கள்.

வைப்பதற்கு மெத்தென்ற பிளாஸ்டிக் உறை வேண்டாம், நாளாக ஆகப் பிசுபிசுத்துப் பச்சைப் பசை கக்கும். மைலார் என்னும் விறைப்பான தெளிந்த தாளில் சன்னல் வைத்த அட்டை உறைதான் நல்லது. ரப்பர் பேண்டு போடாதீர்கள், அதில் உள்ள கந்தகம் காசைக் கறுக்கும். இந்தக் கரையின் உப்புக் காற்றுக்கு மூடி இறுகிய டப்பாவும் உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிப் பொட்டலமும் கட்டாயம். மணிகளின் நிறம் மாறினால் ஈரம் குடித்து நிறைந்துவிட்டது என்று அர்த்தம். பொட்டலத்தைப் பிரித்து, சமையலுக்கு எடுக்காத பழைய சட்டியில் மிதமான சூட்டில் நிறம் திரும்பும் வரை வைத்து, ஆறியதும் போடுங்கள். வெயிலில் காயவைப்பது வாலிநோக்கத்தில் வீண், காயும்போதே கடற்காற்றைக் குடித்துவிடும்.